கண்ணாடிக் கூட்டில் இருந்த கார்டு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாடிப்படியைக் கண்டால் மட்டும் அவள் முழங்கால் நலமில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்பது என் நம்பிக்கை, விசாரித்து உறுதி செய்த செய்தி அல்ல.

முழங்கால் வலியால் தையல் கடையை மூடியவள் லேப்டாப்பில் தையல் வகுப்பு எடுக்கப் போவதாகச் சொன்னாளே, அது இன்று காலை தொடங்கியது. அதற்கு முன் நடந்ததை, நிருபராக இருந்த பழக்கத்தில், ஒளிக்காமல் எழுதுகிறேன். வகுப்புக்குச் சற்று முன்பு ஹெட்போனை மாட்டினால் சத்தமே இல்லை. லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கெட்டுப்போனதால் நீ போன முறை வந்தபோது பக்கவாட்டில் ஒரு சவுண்ட் கார்டு செருகிக் கொடுத்தாய் அல்லவா, கேட்பதும் பேசுவதும் அதில்தான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வகுப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். முதல் நாளே ஊமையா உட்கார்ந்தா அப்புறம் யாரு என்னை நம்பி வருவா என்று கேட்டுவிட்டு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நீ போனில் சொல்லிக் கொடுத்த வரிசைதான். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஹெட்போனை என் செல்போனில் மாட்டினாள், அதில் பாட்டு நன்றாகவே கேட்டது. பிறகு லேப்டாப்பில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து விரல் வைத்துப் படித்தாள். கார்டின் பெயரே அங்கில்லை. “ஆளே வரலைங்க, பேச்சு எங்கிருந்து வரும்” என்றவள் பக்கவாட்டில் செருகியிருந்ததை அழுத்தி வெளியே எடுத்து, துணியின் தரம் பார்ப்பதுபோல் விரல்களுக்கிடையே தேய்த்தாள். கனமும் இல்லை, முனையில் உலோகமும் இல்லை. துளையில் தூசி போகாமல் அடைக்க லேப்டாப்போடு வரும் வெறும் பிளாஸ்டிக் மூடி அது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்புக்காகக் காலையில் லேப்டாப்பைத் துடைத்து வைத்தது நான்தான். மூடியைச் செருகி, ஹெட்போனை லேப்டாப்பின் கெட்டுப்போன பழைய துளையிலேயே மாட்டிவிட்டு, அசல் கார்டை என் கண்ணாடிக் கூட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறேன், கண்ணாடி போடாமலே. பட்டன் தைக்கக் கொடுத்தாலும் நீங்க காஜா ஓட்டை இருக்கிற பக்கமாத்தான் தைப்பீங்க என்று மட்டும் சொன்னாள்.

வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியது. கதவோரம் நின்று கேட்டேன். மாணவிகளில் ஒருத்தியின் குரல் மட்டும் வரவில்லை என்பது அம்மாவின் பேச்சிலிருந்து தெரிந்தது. அம்மா பதறவில்லை. “பயப்படாதம்மா, முதல்ல ஹெட்போனைக் கழட்டி வேற போன்ல மாட்டிப் பாரு” என்று ஆரம்பித்து, நீ அவளிடம் கேட்பாயே அதே பொறுமையுடன் ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்தப் பெண்ணைப் பேச வைத்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட்டாள். எத்தனையோ மேடைப் பேச்சைக் குறிப்பெடுத்தவன் நான், இன்று பேனாவை எடுக்கவே தோன்றவில்லை.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. இனிமேல் சனிக்கிழமை காலையில் அம்மாவைக் கூப்பிடாதே, வகுப்பில் இருப்பாள். என்னைக் கூப்பிடு, சும்மாதான் இருப்பேன். லேப்டாப் பக்கம் போகக் கூடாதென்று உத்தரவு.

இப்படிக்கு,
துடைத்து வைத்த அப்பா