இரண்டு பக்கமும் தலை

அன்புள்ள என் வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லையென்றால் முதல் வரியிலேயே திட்ட ஆரம்பித்திருப்பேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்குக் குரல் உடைந்துவிடும், இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு வைத்துவிடுவோம். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள், நான் உருப்படியாகப் படித்ததெல்லாம் சட்டைக் காலரில் இருக்கிற அளவு நம்பரைத்தான்.

போன வாரம் என்னைக் கேட்டாயே, வேலை ஒப்பந்தம் முடியுது, இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, இல்ல எல்லாத்தையும் விட்டுட்டு உங்கிட்ட வந்துடவா, நீயே சொல்லும்மா, சொல்லத் தெரியலைன்னா அப்பா மாதிரி ஒரு காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லு என்று. அதற்குத்தான் இந்தப் பதில். நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

இங்கே விடாத மழை. சுவரெல்லாம் ஈரம், அலமாரியைத் திறந்தால் ஒரே நெடி. அப்பாவின் நீலப் பட்டறைச் சட்டையில் பூஞ்சை பிடித்திருந்தது. அவர் போனதில் இருந்து அதை நான் தண்ணீரில் போடவே இல்லை, உனக்குத் தெரியும், அதில் இன்னும் மெஷின் எண்ணெய் வாசனை இருக்கிறது. இனிமேல் துவைக்காவிட்டால் துணியே போய்விடும் என்று எடுத்தேன். சலவைக் கடையில் ஊரார் பாக்கெட்டையெல்லாம் துழாவுகிறவள் நான், எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போனான் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். சொந்தப் புருஷன் பாக்கெட்டில் மட்டும் கை விட்டதே இல்லை பார். அன்றைக்கு விட்டேன். ஒரு திருகாணி, கொஞ்சம் சில்லறை. சில்லறையை உள்ளங்கையில் கொட்டினால் அதில் ஒரு காசுக்கு இந்தப் பக்கமும் தலை, திருப்பினால் அந்தப் பக்கமும் தலை.

கடைக்குக் கொண்டு போய் என் முதலாளியிடம் காட்டினேன். நான் கஞ்சி என்று பேர் வைத்திருக்கிறேனே, நடக்கும்போதுகூட மடங்காத மனுஷன், அவரே அன்றைக்குத் துள்ளிக் குதித்தார். அக்கா, இது காசு அடிக்கிற இடத்துல அச்சு மாறி விழுந்த காசு, இதுக்கெல்லாம் வீடு வாங்குற அளவுக்குத் தர்றாங்க, யார்கிட்டயும் காட்டாதீங்க என்று சொல்லிவிட்டு, கடையில் இருந்த எல்லாரிடமும் அவரே காட்டினார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பொய் சொல்வானேன், நீ வேலையே இல்லாமல் வந்து நின்றாலும் கவலையில்லை, வீட்டை ஒழுகாமல் பண்ணி உன்னை உட்கார வைத்துச் சோறு போடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன். வந்துடு என்று சொல்ல வாய் துடித்தது, விலை தெரிந்த பிறகு சொல்வோம் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மழையோடு மழையாகப் பழைய காசு வாங்குகிறவர் கடைக்குப் போனேன். நல்ல மனுஷன், முதலில் துடைக்கத் துண்டு கொடுத்தார். காசைத் தராசில் வைத்தார், கண்ணாடி மேசையில் விழவிட்டுக் காதைச் சாய்த்தார். ஒத்துப் பார்க்க அவர் போட்ட மற்ற காசெல்லாம் கணீரென்று விழுந்தது, நம்முடையது சொத்தென்று விழுந்தது. பிறகு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அம்மா, இது அச்சுல வந்த தப்பு இல்ல, ஒரு காசை உள்ளே குடைஞ்சு, இன்னொரு காசை மெல்லிசாச் சீவி அதுக்குள்ள பதிச்சிருக்காங்க, விளிம்பை ஒட்டி ஒரு கோடு தெரியுது பாருங்க, வித்தை காட்டுறவங்க வச்சிருப்பாங்க, இதுக்கு விலை கிடையாது, கடையில கொடுத்தாக்கூடச் செல்லாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனா கை வேலைன்னா இது கை வேலை, இரும்பு சீவுற கடைசல் மெஷின்ல இவ்வளவு சுத்தமா யாரும்மா பண்ணினது என்று கேட்டார். நான் காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். நம் வீட்டில் கடைசல் மெஷினில் நின்றவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா.

வீடு வந்து ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்தேன். நீ இந்த வேலைக்கு அவ்வளவு தூரம் போகிறதா வேண்டாமா என்று இந்தச் சமையலறையில் மூன்று பேரும் முட்டிக்கொண்ட அன்றைக்கு, தலை விழுந்தா போகட்டும், பூ விழுந்தா உங்கூடவே இருக்கட்டும் என்று அவர்தானே சுண்டினார். தலை விழுந்ததும் செல்லாது செல்லாது, மூணு தடவை போடுங்க என்று கத்தியவள் நான்தான். மூன்று தடவையும் தலை. நம் தலையெழுத்து என்று நான் ஒப்பாரி வைத்தேன், அவர் காசைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அதற்கு முந்தின வாரம் முழுக்கப் பட்டறையில் வேலை அதிகம் என்று நேரம் கழித்துத்தான் வந்தார். என்ன, எவளையாவது பார்த்துட்டீங்களா என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அப்போதே இருந்ததுடி. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத்தான் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் கட்டிலுக்குப் பக்கத்தில் உன்னைக் கட்டிப்போடக் கூடாது என்று இருந்திருக்கிறார். அதற்கப்புறமும் அந்தக் காசை டீக்கடையில் தவறிக்கூடக் கொடுத்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் பார், கள்ளன்.

இரண்டு நாள் அவர் போட்டோவோடு நான் பேசவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உன்னை விட்டிருப்பேனா என்று கேட்டால், விட்டிருக்க மாட்டேன், அதனால்தான் சொல்லவில்லை. அன்னிக்குக் காசு அப்படி விழாம இருந்திருந்தா நான் அப்பா பக்கத்துல இருந்திருப்பேன் என்று நீ ஒவ்வொரு தடவையும் அழுகிறாய். இனிமேல் அழாதே. அது வேறு மாதிரி விழுந்திருக்கவே முடியாது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் எதையும் சுண்டப் போவதில்லை. எனக்குக் கடைசல் தெரியாது, நேராகச் சொல்லத்தான் தெரியும். நீ வந்தால் எனக்கு உயிர் வரும். வீடு ஒழுகும், பணம் இல்லை, இருக்கிற சோற்றைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வராவிட்டாலும் நான் செத்துவிட மாட்டேன், கஞ்சியைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவேன். போன தடவை உனக்காக அப்பா முடிவு பண்ணிவிட்டார், இந்தத் தடவை நீயே பண்ணு. பொய் சொல்லக் கூடாது, நேற்று அந்தக் காசையே ஒரே ஒரு தடவை சுண்டினேன். பூ விழுந்தா என் பொண்ணு வருவா என்று வாய்விட்டுச் சொல்லிச் சுண்டினேன். விழாது என்று தெரிந்தேதான்.

எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் சிரித்த முகமாக நீடூழி இரு. ஈரத் தலையோடு படுக்காதே. காசை அந்தச் சட்டைப் பாக்கெட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டேன், சட்டையைத் துவைக்கவும் இல்லை. நீ ஒன்று மட்டும் மறக்காதே, எந்தத் துணியையும் தண்ணீரில் போடுமுன் பாக்கெட்டில் கை விட்டுப் பார்.

இப்படிக்கு,
மூன்று தடவை போடச் சொன்ன முட்டாள்,
உன் அம்மா