பார்க்காமல் குத்திய சீல்

எங்கள் வக்கீலம்மாவுக்கு,

இன்று காலை நீ போனில் கூப்பிட்டு, ஏன் சித்தி குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்று சொல்லி அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். ஜலதோஷம் இல்லை. நான் சொல்லாமல் விட்டது இதுதான்: போன வியாழக்கிழமை மதியம், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காத ஓர் இடத்தை, பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று சீல் குத்திக் கொடுத்துவிட்டேன். மற்றபடி நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம். நீயும் காலையில் எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவாய். கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கொடுக்கிறவர் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவது இன்னும் நிற்கவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஆள் கூப்பிடலாம் என்றேன், நான் எதுக்கு இருக்கேன் என்று அவரே உட்கார்ந்து பிரித்தார், இப்போது இரண்டு இடத்தில் சொட்டுகிறது. உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். உன் புத்தக அலமாரியில் மூன்றாவது தட்டு வரை படித்து வந்துவிட்டேன், ஓரத்தில் பென்சிலால் நீ எழுதிவைத்த ஆட்சேபணைகளையும் சேர்த்துத்தான். பதினொரு வயதில், நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, உங்களுக்கு எங்கப்பாவை எவ்வளவு நாளாத் தெரியும், சாட்சி உண்டா என்று விசாரித்தவள்தானே நீ. அதனால்தான் இதை உன்னிடம் மறைக்க வரவில்லை. போனில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவாய், எழுதினால் கடைசி வரை கேட்பாய்.

விமானம் கட்டும் எங்கள் கொட்டகையில் பரிசோதகர்களின் மேஜை முன்பெல்லாம் விமானத்தின் வால் பக்கத்திலேயே இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஆறு மாதம் முன்பு அதைத் தூக்கி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் போட்டார்கள், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். பரிசோதனைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தால் படி இறங்கி, முற்றம் கடந்து, காலணி மாற்றி, வண்டி வண்டியாக நிற்கும் சாமான்களுக்குள் நுழைந்து போய்ச் சேரப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தையும் எங்கள் தாமதமாக எண்ணி, யாரால் எவ்வளவு நேரம் வேலை நின்றது என்று சுவரில் ஒரு திரையில் போடுகிறார்கள், பெயர் இல்லை, சீலின் எண் மட்டும். என் எண்ணான நாற்பத்தேழு, ஆறு மாதமாகச் சிவப்பில்தான் கிடந்தது. மேனேஜர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. காலைக் கூட்டத்தில் திரையைக் காட்டி, நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க, நாமெல்லாம் ஒரு குடும்பம், நம்பர்தான் பேசுது என்பார், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை அழைப்பு வந்து நான் போய்ச் சேருவதற்குள் வால் பகுதியின் பேனலை மூடிவிட்டார்கள். எண்பத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கி, ஓரம் முழுக்கப் பசை தடவி, துடைத்தும் ஆயிற்று. அதற்குள்ளே பன்னிரண்டு நட்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் முடுக்கி முடித்ததற்கு அடையாளமாகச் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறதா, துணியோ கருவியோ உள்ளே மறந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு நான் சீல் குத்தின பிறகுதான் மூட வேண்டும், அதுதான் முறை. ஃபோர்மன் நின்றுகொண்டிருந்தார், நம் வீட்டுக்கு உன் கட்டிலைத் தூக்கிவந்து போட்டுக் கொடுத்தாரே, அந்த அண்ணன்தான். மேனேஜர் மூடச் சொல்லிட்டாரும்மா, நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பன்னெண்டும் சுத்தமா இருக்கு, இருபத்தெட்டு வருஷமாப் பார்க்குறேன், என் மேல நம்பிக்கை இல்லையா என்றார். வால் பகுதி அன்றே அடுத்த கொட்டகைக்குப் போக வேண்டும் என்று இழுவை வண்டியும் வந்து நின்றுவிட்டது. யாராவது மிரட்டியிருந்தால் நான் குத்தியிருக்க மாட்டேன், என் பிடிவாதம் உனக்குத் தெரியும். அவர் வருத்தப்படுவாரே என்றுதான் குத்தினேன். மேனேஜர் தானே வந்து கேட்காமல் அவரை ஏன் நிற்க வைத்தார் என்று மாடி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் நாற்பத்தேழு பச்சைக்கு மாறியிருந்தது. மேனேஜர் என் பக்கம் கையை நீட்டி, மனசு வெச்சா முடியும்னு காட்டிட்டாங்க பாருங்க என்றார், எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்க அன்று முழுக்க என்னால் முடியவில்லை. நீ முதல்முறை கிளம்பியபோது விமான நிலையத்தில் என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒண்ணுல எப்படி ஏறி உட்கார்றது என்று கேட்டாய். மூடின ஒவ்வொரு இடத்தையும் மூடுறதுக்கு முன்னாடி என்னை மாதிரி ஒருத்தி பார்த்திருப்பாம்மா என்றேன். உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை, போன வியாழக்கிழமை வரை அது உண்மை. இப்போது யாரோ ஒருத்தி தன் பிள்ளையிடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பாள், நான் அவளைப் பொய்க்காரியாக்கி வைத்திருக்கிறேன்.

நாளை காலை எழுதிக் கொடுக்கப் போகிறேன். பார்க்காமல் குத்தினேன், பேனலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இரண்டே வரி. பொய்ச் சீல் குத்தினால் சீலைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதற்கப்புறம் எந்தக் கொட்டகையிலும் எனக்குப் பரிசோதகர் வேலை இல்லை. ஒன்பது வருடம் படித்தும் பழகியும் வாங்கினது. ஃபோர்மனிடம் சொல்லாமல் செய்ய மனம் வராமல் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்ச் சொன்னேன். நான் பொய் சொன்னேன்னு எழுதப் போறீங்களா என்றார். இல்லைண்ணே, நான் பார்க்கலைன்னு எழுதப் போறேன் என்றேன். ரெண்டும் எனக்கு ஒண்ணுதாம்மா என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்த துணியாலேயே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நிஜமாகவே பார்த்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் என் எண்ணுக்கு நேரே இருக்க வேண்டியது என் கண். அப்பாவிடம் நேற்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மொத்தம் எத்தனை ஸ்க்ரூ என்றார். எண்பத்து நாலு என்றேன். அவ்வளவுதானே, பிரிச்சிடலாம் என்றார், நம் குழாயைப் பிரித்த அதே தைரியத்தோடு. வியாழக்கிழமைக்கு அப்புறம் நான் நிஜமாகச் சிரித்தது அப்போதுதான்.

நீ உடனே போன் போட்டு வாதாடாதே, எனக்காகக் கோபப்படவும் வேண்டாம், கோபத்துக்குரிய காரியத்தில் பாதி என்னுடையது. உன் வேலையில் உன்னிடம் யாராவது அன்பாக ஒன்றைக் கேட்டால் பதில் சொல்வதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடி, இதைத் தவிர உனக்குச் சொல்லப் புத்திமதி என்னிடம் இப்போது மிச்சமில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள். கடைவாய்ப் பல்லைக் காட்டப் போகிறேன் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரம் போய்விட்டு எனக்கு ஒரு வரி எழுதிவிடு, மறந்துவிடாதே. நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடி, நீண்ட ஆயுளோடு, வாய்ச்சண்டைக்கு எப்போதும் ஓர் ஆள் பக்கத்தில் இருக்க, நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

என்றும் உன் பிரியமுள்ள,
சித்தி

கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் பிந்திவிட்டது, இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பசையைச் சுரண்டி, எண்பத்து நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, பேனலைத் திறந்தார்கள். பன்னிரண்டு நட்டிலும் சிவப்புக் கோடு இருந்தது, உள்ளே ஒரு நூல்கூடக் கிடக்கவில்லை. பதினெட்டாம் எண்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தன் சீலைக் குத்தினார், அதற்குப் பிறகு மூடினார்கள். ஃபோர்மன் இதுவரை என்னோடு பேசவில்லை. என் சீலை நேற்று வாங்கிக்கொண்டார்கள், திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஸ்டோர்ஸில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை.