ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்த பல் டாக்டருக்கு இன்றும் ரிவர்ஸ் வரவில்லை. மூன்று வாரமாக அதே மூலை, அதே கம்பம். என் பக்கம் ஒரு பிரேக் இல்லாவிட்டால் கம்பம் என்றைக்கோ படுத்திருக்கும். பதினோரு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். தூக்கத்தில்கூட என் வலது கால் எதையோ மிதிக்கிறது.

நம் கூட்டம் தொடங்கி அடுத்த மாதத்தோடு மூன்று வருடம். மதத்தை விட்டதால் சொந்தபந்தத்தில் பாதியை இழந்த பதினான்கு பேர், ஞாயிறுதோறும் என் வகுப்பறையில், சாலைச் சின்னங்கள் மாட்டிய சுவருக்குக் கீழே. 'இனி நாம்தான் ஒருவருக்கொருவர் சொந்தம்' என்று கரும்பலகையில் எழுதியது நான்தான். இதுவரை யாரும் அழிக்கவில்லை.

எலக்ட்ரீஷியனின் மனைவி இன்னும் ஆஸ்பத்திரியில்தான். இருவரும் முதல் நாளிலிருந்து நம்மோடு இருப்பவர்கள். நம் நர்ஸிடம் விசாரித்தேன். "நாளைக்குப் பேசலாம்கா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நல்லதில்லை.

மார்ச் 6, வியாழன்

போய்விட்டாள். நாற்பத்தொரு வயது.

மார்ச் 7, வெள்ளி

அவள் எழுதி வைத்தபடியே எல்லாம் நடந்தது. பிரார்த்தனை இல்லை, சடங்கு இல்லை. அவளுடைய அம்மாவும் மற்ற உறவினர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நம் கூட்டத்து வக்கீல் சார் இருபது நிமிடம் பேசினார், மரணத்தை அறிவோடு எதிர்கொள்வது பற்றி. கோர்வையான பேச்சு. எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு பேரும் வரிசையாக அவர் கையைப் பிடித்து, "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்றோம். துக்கத்தில் இருப்பவரைச் சுற்றி நின்று தொந்தரவு செய்யக்கூடாது.

மொத்தத்தில் கண்ணியமாக நடந்தது. நம்மாலும் முடியும் என்று காட்டிவிட்டோம்.

மார்ச் 9, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் வரவில்லை. "கொஞ்ச நாள் தனியா இருக்கட்டும்" என்றார் வக்கீல். எல்லோரும் தலையாட்டினோம். பிறகு மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு. அதைச் சரிசெய்பவர் எப்போதும் அவர்தான்.

மார்ச் 13, வியாழன்

அவருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. போய்ப் பார்க்கலாமா? கூப்பிடாமல் எப்படிப் போவது? வேண்டுமென்றால் கூப்பிடுவாரே—

மார்ச் 15, சனி

பார்த்துவிட்டேன். உயிரோடுதான் இருக்கிறார்.

சிக்னலில் பல் டாக்டர் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் ஒரே ஹாரன். திரும்பிப் பார்த்தால், எதிர்ப்புறப் பிரார்த்தனைக் கூடத்தின் வாசலில், வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு அவர். பக்கத்தில் மாமியார். பெண்ணும் இருந்தாள்.

எட்டு நாள்! ஒரு எட்டு நாள் தாங்க முடியலையா? அவ எழுதி வச்சதுக்கு என்ன மரியாதை? என் போனை எடுக்க மனசில்ல, அங்க போய் நிக்க மட்டும் கால் இருக்கு.

வண்டி மறுபடி அணைந்தது. பாவம் அந்த டாக்டர், என்னிடம் செம திட்டு வாங்கினார்.

மார்ச் 16, ஞாயிறு

விஷயத்தைச் சொன்னேன். "அப்ப பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடலாம்" என்றார் வக்கீல், பேனாவைத் திறந்தபடி. எனக்கும் அதே எண்ணம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது நர்ஸ், "அன்னைக்கு அப்புறம் அவர் வீட்டுக்குப் போனவங்க யாரு? கையைத் தூக்குங்க" என்றாள்.

ஒரு கையும் எழவில்லை. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அதுவும் மடியில்தான் கிடந்தது.

மார்ச் 17, திங்கள்

போனேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

"இப்ப எதுக்கு மேடம்?"

கூப்பிட்டிருக்கலாமே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

"யாரைக் கூப்பிடறது? என்னன்னு கூப்பிடறது? நாலு நாளா அடுப்பு பத்த வைக்கல, வாங்கன்னா? நீங்கள்லாம் போனதும் வீடு அப்படியே நின்னுபோச்சு. அஞ்சாம் நாள் மாமியார் அவங்க கூட்டத்து ஆளுங்களோட வந்தாங்க. ஒரு வார்த்தை கேக்கல. ஒருத்தர் துணியைத் துவைச்சாரு, ஒருத்தங்க பொண்ணுக்குத் தலை வாரி விட்டாங்க. சாயங்காலம் 'வா'ன்னாங்க. போனேன். நம்பிக்கை வந்துடுச்சான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது."

கதவு மூடியது. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். சடங்கு வேண்டாம் என்று கூட்டத்துக்கு இரண்டு பக்கம் விதி எழுதினோமே, வேண்டியது என்னவென்று ஒரு வரி எழுதினோமா?

மார்ச் 18, செவ்வாய்

அக்காவுக்குப் போன் செய்தேன். அப்பா இறந்தபோது பிரார்த்தனையில் நிற்க மாட்டேன் என்று நான் எழுந்து போன நாளோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் ஆகிறது. அவளும் அப்படியொரு பிரார்த்தனைக் கூட்டத்தோடு துக்க வீடுகளுக்குப் போகிறவள்தான்.

"நீங்க அங்க என்னதான் செய்வீங்க?" என்றேன், முன்னுரை இல்லாமல்.

சிரிப்பாள் என்று தயாராக இருந்தேன். சிரிக்கவில்லை. "ஏதாவது வேணுமான்னு கேக்காதடி. கேட்டா யாரு ஆமாம்னு சொல்லுவா? நேரா சிங்க்குக்குப் போ. பாத்திரம் கிடக்கும். கழுவு. பேசணும்னா அவங்க பேசுவாங்க." பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

சண்டை. கரும்பலகையில் முறை அட்டவணை போட்டேன், யார் எந்தக் கிழமை எந்த வீட்டுக்கு என்று. முதல் வீடு எலக்ட்ரீஷியனுடையது. வக்கீல் எழுந்தார்.

"மதம் இல்லாதவங்களுக்காகத் தொடங்கினது இது. அவரு இப்ப நம்ம ஆள் இல்ல. அங்கேயே செய்ய ஆளுங்க இருக்காங்களே?"

"அவரு நம்பறாரா இல்லையான்னு பாத்துத்தான் பாத்திரம் கழுவணும்னா, நாம எதை விட்டுட்டு வந்தோம் சார்?"

ஓட்டெடுப்பு. நர்ஸுக்கு டியூட்டி, அதனால் பதினோரு பேர். ஐந்துக்கு ஐந்து. மிச்சம் நான். அவ்வளவு வீரமாகப் பேசியும் என் கை உடனே எழும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்த வரிசையில் அவர் நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதையும் இங்கே எழுதியாக வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கினேன்.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க" என்று வக்கீல் போய்விட்டார். கூட்டம் உடைந்துவிட்டதா?

மார்ச் 25, செவ்வாய்

போனேன். கதவைத் திறந்தவர் எதுவும் சொல்வதற்குள் சமையலறைக்குள் நுழைந்துவிட்டேன். கழுவினேன். அவர் கூடத்திலேயே இருந்தார். பெண் வந்து ஒரு துணியால் துடைத்து அடுக்கினாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாவது முறை. டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

மே 17, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல். பல் டாக்டர் கடைசியில் கம்பத்தைச் சாய்த்தேவிட்டார். நான் வெளியே நின்று கைகாட்டிக்கொண்டிருந்தேன். தாவி விலகியதில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

மூன்று நாளாக எல்லோரும் போன் செய்தார்கள். "ஒன்னும் வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றேன், ஒவ்வொருவரிடமும். எத்தனை எளிதாக வருகிறது அந்தப் பொய்! நேற்று ஒரே கையால் தலை வாரப் பார்த்து, முடியாமல் சீப்பை வீசி எறிந்தேன்.

இன்று மூன்று மணிக்கு அழைப்பு மணி. எலக்ட்ரீஷியன். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேராக சிங்க்குக்குப் போனார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றிப் பேசினார், முதல் முறையாக. நிறையப் பேசினார்.

ஐந்து மணிக்குக் கையைத் துடைத்தார். "பிரார்த்தனைக்கு நேரமாச்சு மேடம், கிளம்பறேன். நாளைக்கு வக்கீல் சார் வருவாரு. நான்தான் போய்ப் பேசினேன். அவருக்குப் பாத்திரம் கழுவத் தெரியாது. நீங்க ஒன்னும் சொல்லிடாதீங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சரி, வரட்டும் என்றேன்.