வலது கட்டைவிரல்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மாரடைப்பு வந்து இரண்டு மாதம். போனில் எப்போதும் “நல்லா இருக்கேன்மா” என்கிறீர்கள். நம்ப முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

பட்டியல் இணைத்திருக்கிறேன். வேகவைத்த காய், பருப்பு, கீரை, பழம். தாளிப்பு கிடையாது. முப்பது வருடம் விடுதிச் சமையலறையில் பொரித்தது போதும்.

மதியம் சாப்பிட்டதும் கை கழுவாமல், எனக்கு எழுதும் பதிலின் அடியில் வலது கட்டைவிரலை அழுத்துங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

உங்கள் மகள்

மார்ச் 19

அம்மாடி,

பட்டியல்படிதான் சாப்பாடு. வேகவைத்த பூசணிக்காயை மெல்லும்போது யாரோ என்னைத் திட்டுவதுபோல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன சார், ஆஸ்பத்திரியையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களா?” என்கிறார். நாள் முழுக்க நாற்காலிதான்.

விரல் கீழே. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு வரிகூட எழுதவில்லையே.

உன் அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கீரையின் பச்சை மட்டும். நிம்மதியாகப் படுத்தேன். எழுந்தேன். மறுபடி பார்த்தேன்.

ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. கத்தி பட்ட தழும்பு. அது இருப்பது உங்கள் இடது கட்டைவிரலில்.

வலது கை எங்கே இருந்தது? அம்மா போனபின் எனக்கு நீங்கள் ஒருவர்தான். அதை மறந்துவிட்டீர்களா?

மகள்

ஏப்ரல் 17

அம்மாடி,

மாட்டிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேலாக மறுபடி விடுதி வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருந்தால் நெஞ்சு அடிப்பதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிடுவது உன் பட்டியல்தான். ஆனால் பொரித்ததை ருசி பார்க்காமல் எப்படிப் பரிமாற? “வாய்ல வச்சுப் பாக்காத சமையல்காரரை வச்சு நான் என்ன பண்றது?” என்கிறார் மேனேஜர். ஒரு விள்ளல்தான். விள்ளல் சாப்பாட்டில் சேருமா, நீயே சொல். எத்தனை விள்ளல் என்று மட்டும் கேட்காதே.

இனி விரல் வைக்க மாட்டேன். திருடன்மாதிரி இருக்கிறது.

அப்பா

மே 5

அப்பா,

இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன்.

நான் சமைப்பதே இல்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு எதிரே ஒரு கடை. பொரித்த பொட்டலம், நின்றபடியே. உங்களுக்கான பட்டியலை எழுதியதுகூட அதைத் தின்றுகொண்டுதான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கொழுப்பு உங்களுடையதைவிட அதிகம். “வீட்ல யாருக்காவது ஹார்ட் பிரச்சனை இருக்கா?” என்றார் டாக்டர். “அப்பாவுக்கு,” என்றேன். “அவருக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்,” என்றார்.

இன்று பூசணிக்காய் வேகவைத்தேன். உண்மைதான், யாரோ திட்டுகிறார்கள். எண்ணெய் இல்லாமல் அதை எப்படி வாயில் வைப்பது? முதலில் நீங்கள் செய்து, ருசி பார்த்து எழுதுங்கள். எத்தனை விள்ளலானாலும் சரி.

கடைசிப் பொட்டலத்தை நேற்று முடித்ததும் இந்தத் தாளின் அடியில் விரலை வைத்தேன். வலது கட்டைவிரல். ஜன்னலில் பிடித்துப் பாருங்கள்.

உங்கள் மகள்