ஆறிய இஞ்சினின் முதல் சத்தம்

இல்லை, இன்னும் வாங்கவில்லை, என் செல்ல அக்கா. நீ இதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆள் இல்லை நீ.

நீ போய் இரண்டாவது வருஷம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அம்மாவும் நானும்தான். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதனால் கார் தேட ஆரம்பித்தேன். நீ ஆசைப்பட்ட அதே வகை. டர்போ செடான். வெளியே நான்கு கதவு, சாதுவான முகம். மிதித்தால் வேறு ஆள்.

எல்லோரும் பயமுறுத்தினார்கள். "வாரண்டி முடிஞ்ச டர்போவா? சாமிய நல்லா கும்பிட்டுக்கோ லா," என்றார் ஆபீசில் ஒருவர். நம் ஊர் வெயிலில் ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். ஃபெடரல் ஹைவே நெரிசலில் கியர்பாக்ஸ் சூடாகித் திணறும். உதிரிச் சாமான் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எல்லாம் உண்மை. படிக்கப் படிக்க ஆசை கூடியது. இது என்ன கூத்து அக்கா?

எனக்காக மட்டும் தேடவில்லை. நீ இருந்தபோது சனிக்கிழமை தவறாமல் பழைய கார்களைப் பார்க்கப் போனாய். ஒன்றையும் வாங்கவில்லை. பிறகு நோய். பிறகு நீ இல்லை. ஆசைப்பட்ட கார் கிடைக்காமலே போய்விட்டவள் என்றுதான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காரை நான் வாங்கிவிட்டால் அந்தக் குறை தீரும் என்று நம்பினேன்.

கிள்ளானில் ஒன்று அகப்பட்டது. கருநீலம். சேகர் என்பவருடையது. இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, பெரிய கார் வேண்டுமாம். போனதும் பானெட்டில் கை வைத்தேன். "மொதல்ல பானெட்டத் தொடு, அப்புறம் வணக்கம் சொல்லு," என்று ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்தாயே. சூடான இஞ்சின் நோயை மறைக்கும். ஆறிய இஞ்சின் முதல் சில நொடிகளில் உள்ளதைச் சொல்லிவிடும்.

பானெட் கொதித்தது.

"ஏன் அண்ணே இவ்வளவு சூடு? நான் வர்றேன்னு ஓட்டி வச்சீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய அம்மா கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நான்தான் மா கோயிலுக்குக் கொண்டு போகச் சொன்னேன். வாங்குனப்ப பூசை போட்டோம். வீட்ட விட்டு அனுப்புறப்ப போட வேணாமா?" டயரில் நசுங்கிய எலுமிச்சைத் தோல் இன்னும் ஒட்டியிருந்தது. காருக்கு விடை கொடுக்கப் போய், எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

"நாளைக்குக் காலைல வரேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க," என்றேன்.

"சாமி கிட்டயும் சொல்லிடுறேன்," என்றார் சேகர்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் கூட வந்தாள். சேகர் ஸ்டார்ட் செய்தார். கடகடவென்று இரண்டு நொடி. பிறகு அமைதி. இஞ்சினுக்குள் இருக்கும் சங்கிலி தளர்ந்தால் அப்படித்தான் கேட்கும் என்று படித்திருக்கிறேன். அறுந்தால் இஞ்சினே போகும்.

"இது எப்பவும் இப்படித்தானே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தினம் கேட்டுக் கேட்டு, அவர் காதுக்கு அது சத்தமாகவே இல்லை.

ஆனாலும் ஓட்டிப் பார்த்தேன். அக்கா, அந்த இழுப்பு! முதுகை யாரோ பின்னாலிருந்து அணைத்துப் பிடிப்பது போல. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு "மெதுவா டி, மெதுவா டி" என்றாள். பாதி வழியில் சிரித்துவிட்டாள். சரி செய்துகொள்ளலாம், அக்காவுக்காக, என்று மனம் சொன்னது. யோசித்துச் சொல்கிறேன் என்று விடைபெற்றேன்.

உன் பழைய சின்னக் காரில்தான் திரும்பினோம். அம்மா சொன்னாள்:

"அவளா இருந்தா இந்நேரம் பாடிக்கிட்டு வருவா."

"எதுக்கு?"

"வேணாம்னு சொல்லிட்டு வர்ற அன்னிக்குத்தான் அவளுக்குக் குஷி. 'மா, இன்னிக்கு ஒரு கார் என்னை ஏமாத்தப் பார்த்துச்சு மா'ன்னு சொல்லுவா. வழியில நிறுத்தி அப்பம் சாப்பிடுவோம்."

"நீங்களுமா போனீங்க?"

"பின்ன? நீ பினாங்குல படிச்சிக்கிட்டிருந்த. அவ காருக்கு அடியில படுத்துப் பார்ப்பா. டார்ச் லைட்டு பிடிச்சது யாரு? எத்தனையோ பேரு குறைச்சுத் தரேன்னு கெஞ்சினாங்க. அவளுக்கு வாங்கணும்னு அவசரமே இல்ல டி."

சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை வந்தது தெரியவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

கிடைக்காமல் போனவள் இல்லை நீ. தொட்டு, கேட்டு, ஓட்டி, வேண்டாம் என்று சொல்லி, அம்மாவோடு சிரித்துக்கொண்டு வீடு திரும்பியவள். இத்தனை நாள் நான் யாருக்காக இரக்கப்பட்டேன்? உன் சனிக்கிழமைகளுக்கு நன்றி அக்கா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாயே, அதற்குத் தனி நன்றி. அந்தச் சிரிப்பு இன்னும் அவளிடம் இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். உனக்காக எந்தக் காரையும் வாங்க மாட்டேன். எனக்குப் பிடித்து, அதன் குறையும் தெரிந்து, அதைத் தாங்க என்னால் முடியும் என்றால் மட்டும் வாங்குவேன். அதுவரைக்கும் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டே இருப்போம்.

இன்று காலை சேகருக்குப் போன் செய்து, சங்கிலியைப் பற்றிச் சொல்லி, வேண்டாம் என்றேன். பிறகு ரயிலேறி வேலைக்குப் போனேன்.

உன் தங்கச்சி,
பவித்ரா