சுவரில் உன் மஞ்சள்

இன்று காலை அலுவலகத்தின் சுவர் முழுக்க இருக்கும் கணினித் திரையைப் போட்டதும் கண்ணாடி சூடேறும் அந்த மெல்லிய வாடை வந்தது. முன்பெல்லாம் அந்த வாடை வந்தால் நீ வந்து அதைப் போட்டுவிட்டாய் என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தேன். நீ போய் இரண்டு தீபாவளி கடந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை.

ஜூரோங் அலுவலகத்தில் அந்தத் திரைச் சுவரை அடம்பிடித்து வாங்க வைத்தவள் நீ. மருத்துவமனைக்கு நாம் எழுதிய மென்பொருள் முழுவதும் அதில் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு நிரலும் ஒரு புள்ளி. ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டால் இடையே ஒரு கோடு. எழுதியவருக்கு ஒரு நிறம். உனக்கு மஞ்சள், எனக்கு நீலம்.

வெளியிடுவதற்கு முந்தின நாள் சுவரோரம் நடந்துகொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாய். "இங்க வா டி. இந்தக் கோடு எதுக்கு இங்க வருது?"

நம் மேசைக் கணினிகளின் சிறிய திரைகளில் யார் கண்ணிலும் படாத கோடு. பிடித்துக்கொண்டே போனோம். ஒரு நோயாளியைக் கட்டில் மாற்றினால், புதுக் கட்டிலில் முன்பு படுத்திருந்தவரின் எடையை வைத்தே இவருக்கு மருந்தின் அளவு கணக்காகும்.

"எப்பவாச்சும் நடக்கறது லா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்," என்றார் மேலாளர்.

"அந்தக் கட்டில்ல உங்க பிள்ளை படுத்திருந்தா?" என்று மட்டும் கேட்டாய். வெளியீடு தள்ளிப்போனது. அந்தத் தப்புக் கணக்கைத் தடுக்கும் நிரலை நீயே எழுதினாய்.

பிறகு உனக்குப் புற்று என்றார்கள். அதே மருத்துவமனை. தாதி உன் மணிக்கட்டுப் பட்டையை ஸ்கேன் செய்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நம்ம சிஸ்டம் லா. நான் எவ்வளவு இளைச்சிட்டேன்னு அதுக்குத்தான் சரியாத் தெரியும்." சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இப்போது பழைய நிரல்களைப் புதிதாக எழுதுகிறோம். மாற்ற மாற்ற மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சியது அந்தத் தடுப்பு. இன்று அது என் பங்குக்கு வந்தது. திறந்து படித்தேன், ஒரு குறை இல்லை. புது மொழியில் வரிவரியாகப் பெயர்த்து, சோதித்து, ஏற்றினேன். புள்ளி நீலமானது.

"எல்லாம் கிளீனா ஆயிடுச்சு அக்கா," என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். தலையாட்டினேன்.

ரயிலில் வீடு திரும்பும்போது எதிரே ஒரு தாயின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்ன எடை இருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் எனக்கு இப்படித்தான். நான் இறங்கும் பிடோக் நிலையம் வரும்வரை அந்தக் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.