என் ஆட்டத்தில் நீ கை வைத்தது

திண்டிவனம்,
மே 17.

மகன் புகழேந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் சுகம். டப்ளினில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்கப்போவதில்லை. மூன்று வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன், அது உனக்கும் தெரிந்திருக்கும். போனில் பேசினால் "சரிம்மா, விடும்மா" என்று என் வாயை அடைத்துவிட்டு மீட்டிங் என்று போய்விடுவாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொட்டு மருந்து நான்கு வேளை, நான்தான் விடுகிறேன். இந்த வருஷம் நிலக்கடலை நல்ல விளைச்சல், மண்டிக்கு மல்லாட்டை வரத்து அதிகம், ஒலக்கூர்ப் பக்கத்து வண்டிகள் காலை ஆறு மணிக்கே மண்டி வாசலில் வந்து நிற்கின்றன. எடைமேடையில் நின்று சீட்டு எழுதி எழுதி எனக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. தை மாதத்தில் முதலாளி விருத்தாசலம் என்னைக் கூப்பிட்டு, எடைமேடையில் கம்ப்யூட்டர் வைக்கப்போகிறேன், நீ கற்றுக்கொள்கிறாயா இல்லை வெளியிலிருந்து ஆள் போடட்டுமா என்று கேட்டதையும், முடியாது என்றால் பத்தொன்பது வருஷம் நின்ற இடத்தை விட்டு நான் கிடங்கில் சாக்கு எண்ணப் போக வேண்டும் என்பதையும் அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா. "எதுக்கும்மா உனக்கு இந்த பேஜாரு, வூட்ல உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றாய். ஐம்பத்திரண்டு வயதில் என்னை உட்காரச் சொல்ல நீ யார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போய் விழுப்புரத்தில் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போனேன். பதினாலு பேர் வகுப்பு, அதில் நான்தான் மூத்தவள், சொல்லிக்கொடுக்கிற அஸ்வினி மேடம் உன்னைவிட மூன்று வயது சின்னவள்.

வகுப்பு முடிகையில் ஆளுக்கு ஒரு சின்ன விளையாட்டு எழுதிக் காட்ட வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்தது மூட்டை, அதையே எழுதினேன். கம்ப்யூட்டர் மனசுக்குள் ஒரு மல்லாட்டை மூட்டையின் எடையை வைத்துக்கொள்ளும், முப்பத்தைந்து கிலோவிலிருந்து நாற்பத்தைந்துக்குள். ஆடுகிறவர் எடையைச் சொல்ல வேண்டும். கூட என்றால் கூட என்று சொல்லும், குறைச்சல் என்றால் குறைச்சல் என்று சொல்லும். மூன்று வாய்ப்பு, அதற்குள் சொல்லாவிட்டால் தோல்வி. எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தால் அது நிற்கவே இல்லை. மூன்று, நான்கு, பத்து என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சரியான எடையைச் சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி எடை என்ன என்று கேட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பிறகு உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான் கேட்டது ஒரே கேள்வி. மூன்று வாட்டிக்கு மேல் ஏன் கேட்கிறது, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல் என்று எழுதியிருந்தேன். வேண்டுமானால் உன் போனில் தேடிப் பார், அங்கேயேதான் இருக்கும்.

நான்கு நாள் உன்னிடமிருந்து பதில் இல்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, வகுப்புக்குள் நுழைகிறேன், சுவரில் பெரிய திரையில் ஒரு விளையாட்டு ஓடுகிறது. தராசு ஆடுகிறது, மூட்டை கலர்கலராக வந்து விழுகிறது, சரியாகச் சொன்னால் கைதட்டுகிற சத்தம் வேறு. மேலே ஜெசிந்தா தேவசகாயம் என்று என் பேர். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்காரும் கலையரசி, காணையிலிருந்து வருகிறவள், என் காதோடு, "அக்கா, இது உங்க கை இல்லியே" என்றாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. நான் எழுந்து நின்று, இது என்னுடையது இல்லை மேடம் என்றேன். அஸ்வினி மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னை ஏமாற்றப் பார்த்ததாக நினைத்திருப்பாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "உங்க பையன்தாங்க அனுப்பினாரு, மெயில்ல என்னா எழுதிக்கிறாருன்னு படிக்கட்டுமா" என்று கேட்டு, பதினாலு பேர் முன்னால் படித்தாள். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, வயதாகிவிட்டது, பொழுதுபோக்காக வருகிறார், இதை அவர் செய்ததாக வைத்துக்கொண்டு சான்றிதழ் மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெற்ற பிள்ளையின் வாயால் முட்டாள் பட்டம் வாங்கிக்கொண்டு நான் அங்கே நின்றேன் புகழேந்தி. உன் அப்பா குடித்துவிட்டு ஆடிய காலத்தில்கூட நாலு பேர் முன்னால் எனக்கு அப்படிக் காது சுட்டதில்லை.

உதவிதானே செய்தேன் என்று இதைப் படிக்கும்போது உன் மனசு சொல்லும். அது உதவி இல்லை. பத்தாவது படிக்கையில் உன் கணக்கு நோட்டில் உன் மாமா ஒரு கணக்கைப் போட்டு வைத்துவிட்டான் என்று அந்தப் பக்கத்தையே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தது யார். அப்போது நான் மாமாவைத்தான் திட்டினேன், உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு இருந்த ரோஷம் எனக்கு இருக்காது என்று எப்படி முடிவு செய்தாய்.

ஒரு தடவை கொடுத்த வேலைக்குப் பதில் வேறு வாங்க விதி இல்லை, மதிப்பெண் பூஜ்ஜியம்தான் என்றாள் மேடம். அதைக் கொடுத்தது நான் இல்லையே, என் பழைய விளையாட்டு இதே கம்ப்யூட்டரில் இருக்கிறது, உங்கள் கண் முன்னால் உட்கார்ந்து திருத்துகிறேன், முடியாவிட்டால் பூஜ்ஜியம் போடுங்கள் என்றேன். அவள் மணியைப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம். யாரும் சொல்லிக்குடுக்கக் கூடாது" என்றாள். உட்கார்ந்ததும் முதலில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. பஸ்ஸில் கொறிக்கப் பையில் வறுத்த மல்லாட்டை வைத்திருந்தேன். அதில் மூன்றை எடுத்து மேசையில் வைத்தேன், மூன்று வாய்ப்பு. கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரியே மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். எடை கேள், ஒரு வாய்ப்பைக் குறை, ஒன்றை எடுத்துவிட்டேன், இரண்டு இருக்கிறது. பூஜ்ஜியமா, இல்லை, மேலே போ. மேலே போனால், திரும்பத் திரும்ப ஓடுகிற அந்த லூப்பின் முதல் வரி, வாய்ப்பு மூன்று என்று சொல்கிறது. எடுத்ததைத் திரும்ப வைத்தேன். மறுபடி குறை, மறுபடி மேலே போ, மறுபடி மூன்று. எத்தனை சுற்று சுற்றினாலும் இரண்டுக்குக் கீழே இறங்கவே வழியில்லை. ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டியதை லூப்புக்கு உள்ளே எழுதி வைத்திருக்கிறேன், அது சுற்றுக்குச் சுற்று மூட்டையை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு வரியைத் தூக்கி லூப்புக்கு வெளியே மேலே வைத்தேன். ஓட்டினேன். மூன்றாவது தப்போடு நின்றது.

ஆனால் சரியான எடையைச் சொன்னால் சரி என்றுவிட்டு மறுபடி கேட்பது மட்டும் போகவில்லை. அதற்கு இன்னும் அரை மணி நேரம் பிடித்தது. சரி என்று சொல்லத்தான் நான் எழுதியிருந்தேனே தவிர, சொன்னபிறகு லூப்பை விட்டு வெளியே வா என்று சொல்லவே இல்லை. சொல்லாததை அது எப்படிச் செய்யும். அதையும் ஒரு வரி எழுதினேன். மேடம் என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. தானே உட்கார்ந்து நான்கு ஆட்டம் ஆடிப் பார்த்தாள். இரண்டில் ஜெயித்தாள், இரண்டில் தோற்றாள், நான்கிலும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. நூற்றுக்கு அறுபத்தொன்று போட்டு, அன்றைக்கே சான்றிதழும் கொடுத்தாள். உன்னுடையதற்கு முதலில் தொண்ணூற்றெட்டு போட்டிருந்தாளாம். அந்த அறுபத்தொன்றைத்தான் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.

உன் காரியம் அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. பையன் செய்து கொடுத்தானாம் என்கிற பேச்சு எனக்கு முன்னால் பஸ் ஏறித் திண்டிவனத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதலாளி என் சான்றிதழைக் கையில்கூட வாங்கவில்லை. "உன் புள்ள வாங்கிக் குடுத்த பேப்பர வச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, உன் மேல். மண்டியின் புதுக் கம்ப்யூட்டரில் என் விளையாட்டைப் போட்டு அவரை ஆடச் சொன்னேன். பார்வையாலேயே மூட்டை எடை சொல்லுகிற மனுஷர், மூன்று தடவையும் தப்பாகச் சொல்லித் தோற்றார். அப்புறம் சொன்னேன், "இதுல எந்த வரிய வேணா அழிச்சிடுங்க, நான் வெளிய போய் நிக்கிறேன். உள்ள வந்து இன்னா போச்சுன்னு கண்டுபுடிக்கலன்னா நாளைக்கே கிடங்குக்குப் போறேன்." அவர் அழித்தார். உள்ளே வந்து ஓட்டினேன். பழையபடி நிற்காமல் கேட்டுக்கொண்டே போனது. ஆனால் மேலே பார்த்தால் வாய்ப்பு மூன்று என்கிற வரி அதன் இடத்தில் சரியாக இருக்கிறது. பழைய நோய்தான், காரணம் வேறு. ஒவ்வொன்றாகக் குறைக்கிற வரியைத்தான் மனுஷர் அழித்திருந்தார். பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். தானே இன்னொரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணாந்தேதிலேர்ந்து வந்து உக்காரு" என்றார்.

இதையெல்லாம் நீ சந்தோஷப்படுவதற்காக எழுதவில்லை. அம்மா ஜெயித்துவிட்டாள் என்று உன் சிநேகிதர்களிடம் பெருமை பேசிக்கொண்டு திரியாதே, அந்தப் பெருமையில் உனக்குப் பங்கு இல்லை. நீ அனுப்பிய விளையாட்டை வகுப்பிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டேன். என் பேரில் இனி யாருக்கும் எதுவும் எழுதாதே. கோபம் தணிய எனக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை, அதுவரைக்கும் அப்பாவிடமே பேசிக்கொண்டிரு. காலை வேளையில் வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன், நீ கேட்கப்போவதில்லை.

கோபம் வேறு, ஜெபம் வேறு. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், உன் கண்ணுக்கும் கைக்கும் சுகம் தரட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அஸ்வினி மேடத்துக்கு நீ மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும், இந்த மாதம் முடிவதற்குள். நகலை எனக்கும் அனுப்பு. அதை நீயே உட்கார்ந்து எழுது. வேறு யாரையாவது, வேறு எதையாவது வைத்து எழுதினால் முதல் வரியிலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தே. ஜெசிந்தா